விஸ்கான்சினுக்கு ஒரு வாக்கு, சிலிம் ரிவர் வழியாக

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். என் அத்தைக்கு வந்தது. 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம். அனுப்பியவர் விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்குச்சீட்டுகளைக் கவனிக்கும் ஓர் அதிகாரி. அத்தை தபாலில் அனுப்பிய வாக்கின் உறையில் சாட்சியின் முகவரி சரியில்லை, அது வீட்டு முகவரி போலத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். பழைய சீட்டை ரத்து செய்துவிட்டுப் புதியதை மின்னஞ்சலில் அனுப்பலாம். அச்சிட்டு, குறியிட்டு, நவம்பர் 5 தேர்தல் நாள் முடிவதற்குள் தங்கள் கைக்கு வந்து சேரும்படி அனுப்ப வேண்டும்.

அத்தை பெயர் சரோஜினி. அப்பாவின் தங்கை. சிலிம் ரிவர் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். மருத்துவமனைத் தாதியாக விஸ்கான்சினின் மில்வாக்கி நகரத்துக்குப் போய் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். வாங்கியதும் மலேசியக் குடியுரிமை போய்விட்டது. இங்கே இரண்டு வைத்துக்கொள்ள முடியாது. மூன்று வருடமாக ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் வாடகை வீட்டில், விசாவில் இருக்கிறார். பிறந்த ஊரில் வாக்கு இல்லை. பனி பெய்யும் ஒரு மாநிலத்தில் இருக்கிறது.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதிய ரயில் ஈப்போவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் முப்பத்தொரு வெள்ளி (ரிங்கிட்). தீபாவளி வாரம் என்பதால் மூன்று நாள் முன்பே எடுத்தேன், அப்போதும் ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. ஈப்போ நிலையத்திலிருந்து புந்தோங் மூன்று கிலோமீட்டர். வாடகைக் காருக்கு எட்டு வெள்ளி. கச்சாங் பூத்தே என்னும் வறுகடலைக் கடைகள் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாக நின்றன. கார் அங்கேயே நின்றுவிட்டது. மீதியை நடந்தேன்.

விஸ்கான்சின் விதி எளிமையானது. வாக்களிப்பவர் வெற்றுச் சீட்டை ஒரு சாட்சிக்குக் காட்ட வேண்டும். பிறகு அவர் பார்க்காதபடி குறியிட வேண்டும். மடித்து உறையில் வைத்து மூடிய பின் சாட்சி உறைமேல் கையெழுத்துப் போட்டு, தன் முகவரியை எழுத வேண்டும். வெளிநாட்டில் இருந்து வாக்களித்தால் சாட்சி அமெரிக்கராக இருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதானால் போதும்.

அப்படியானால் நானே சாட்சியாகலாமே என்றேன். எதிர்வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றேன். பயணமே தேவையில்லை.

அத்தை முறுக்கு டின்னை என் பக்கம் தள்ளினார்.

"மொதல் தடவ மணியம்தான் போட்டான். இப்ப வேற ஆள்கிட்ட வாங்குனா, அவன் போட்டது செல்லாதுன்னு ஆயிடும்லா."

மணியம் அத்தையோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். இன்னும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார். செப்டம்பரில் அத்தை அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போனபோது உறையைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். மணியம் கையெழுத்துப் போட்டார். இப்போது அது திரும்பிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. தன் சிவப்பு ஐசியால்தான், அதாவது அடையாள அட்டையால்தான், இப்படி ஆனது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

சிவப்பு அட்டை என்றால் இங்கே வசிக்கலாம், குடிமகன் இல்லை; குடிமகனுக்கு நீல அட்டை. மணியம் இந்த நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. பிறப்பைப் பதியும் நேரத்தில் யாரோ எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார்கள். நான்கு முறை குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிறார். நான்கும் நிராகரிப்பு. காரணம் எழுதித் தருவதில்லை.

ஆக, எங்கள் வேலை ஒரு வாக்கை அனுப்புவதா, ஒரு கையெழுத்தைச் செல்லுபடி ஆக்குவதா? எனக்குக் குழப்பமாக இருந்தது. அத்தைக்கு இல்லை. விசா, கடப்பிதழ், அச்சிட்ட தாள், பசை, இரண்டு பேனா. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை 6.30. ஈப்போவில் கூரியர் அலுவலக முகப்பு ஒரு மணிக்கு மூடும். ஞாயிறு விடுமுறை, பிறகு தீபாவளிக் கூட்டம். இன்று போகாவிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது. புந்தோங்கிலேயே ஒரு வாடகைக் கார் பேசினோம், போக வர நூற்றெண்பது வெள்ளி, காத்திருப்பும் சேர்த்து. ஓட்டுநர் அண்ணன் எங்கள் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு காம்பார் வரை ஓட்டினார். பிறகு கேட்டார்.

"அந்த ஊர்ல ஒரு ஓட்டுல என்னா ஆவப் போவுது அக்கா?"

"ஒண்ணும் ஆவாது," என்றார் அத்தை.

இடதுபக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் முடிந்து எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டங்கள் தொடங்கின. நெடுஞ்சாலையில் சிலிம் ரிவருக்கு வெளியேறும் வழி வரை சுமார் நூறு கிலோமீட்டர், அங்கிருந்து பதினான்கு. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை, மழை பெய்திருந்தால் சிறிய காரில் போகாதீர்கள். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எல்லோரும் ரப்பர்த் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

8.20க்கு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு வீடுகளில் ஐந்தில் ஆள் இருக்கிறது. நிலம் கைமாறிவிட்டது, வீடுகளைக் காலி செய்யச் சொல்லிப் புதிய முதலாளி அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். மணியத்தின் மனைவி லெட்சுமி ஆண்ட்டி எங்களை உட்கார வைத்தார். மணியம் பின்பக்கம் கோழிக்கூண்டைச் சரிசெய்வதுபோல் நின்றுகொண்டிருந்தார். வந்தார். அறுபது வயதிருக்கும். அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"செவப்பு ஐசிக்காரன் கையெழுத்து ஆவாதுன்னு எழுதிட்டானா தம்பி?"

இல்லை அங்கிள், முகவரிதான் என்றேன். மின்னஞ்சலைக் காட்டி ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பழைய நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்து வந்தார். அதன் பின்பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் கையெழுத்து. முப்பது, நாற்பது தடவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

"போன தடவ தமிழ்ல போட்டுட்டேன். அதான்னு நெனச்சேன்."

அத்தை அந்தத் தாளைப் பார்த்தார். "நீ எப்பவும் போடுறதயே போடு மணியம். இது வேற ஆள் கையெழுத்து மாதிரி இருக்கு."

பிரச்சினை இதுதான். செப்டம்பரில் முகவரிக் கட்டத்தில் அவர் சிலிம் ரிவர் டவுனில் இருக்கும் மளிகைக் கடையின் முகவரியை எழுதியிருந்தார். லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. தோட்டத்து ஆப்பீஸ் மூடிய நாளிலிருந்து எல்லாருக்கும் கடிதம் அந்தக் கடைக்குத்தான் வரும். மின் கட்டணம், பள்ளிக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, நான்கு நிராகரிப்புகள் எல்லாம். முகவரி கேட்டால் யாரும் கடையைத்தான் எழுதுவார்கள். அவர் செய்தது தவறே இல்லை. விஸ்கான்சினில் ஒருவர் கடையின் பெயரைப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் கடைக்குள்ளேயா குடியிருக்கிறார் என்று யோசித்திருப்பார்.

கடிதம் வரும் இடம் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறார்கள் என்றேன்.

"நா எங்க படுத்துத் தூங்குறேன்னு அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு?"

அத்தை மட்டும் சிரித்தார்.

ஆனால் வீட்டு முகவரி என்ன? வெளியே போய்ப் பார்த்தோம். கதவுக்கு மேல் மூன்று எண்கள். தோட்டக் காலத்துப் பதினான்கு, சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாக. கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் எழுதிய B7. புதிய முதலாளியின் ஆட்கள் சிவப்பில் தெளித்த ஐந்து. இடிக்கும் வரிசையில் ஐந்தாவது என்று அதற்குப் பொருளாம். தெருவுக்குப் பெயர் இல்லை. எது சரியான எண்? லெட்சுமி ஆண்ட்டி B7 என்றார், அரசாங்க ஆட்கள் எழுதியது என்பதால். ஓட்டுநர் அண்ணன் காரிலிருந்து இறங்கி வந்து ஐந்துதான் இப்போதைய எண் என்றார். மணி 9.10. கைபேசியில் மின்னஞ்சலைத் திரும்பப் படித்தேன். இப்படி ஒரு வீட்டை அதில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மணியம் அங்கிள் பதினான்கு என்றார். அங்கேதான் பிறந்தாராம்.

உள்ளே வந்தோம். அத்தை வெற்றுச் சீட்டை மேசைமேல் விரித்தார். வெளிநாட்டில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு மூன்றே தேர்வுகள். அதிபர், செனட்டர், பிரதிநிதி. மணியம் அங்கிள் குனிந்து, எதிலும் குறி இல்லை என்பதை விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார், நம் நாட்டுச் சீட்டும் இப்படித்தான் இருக்குமா என்று.

கேள்வி எனக்கு. அந்த அறையில் மலேசியாவில் வாக்குள்ள ஆள் நான் ஒருவன்தான். சின்னதாக இருக்கும் என்றேன். சும்மா சொன்னேன். நான் பார்த்ததே இல்லை. 2022 பொதுத்தேர்தலன்று நான் எங்கே இருந்தேன் என்று இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கடற்கரைப் படங்கள் போட்டிருந்தேன்.

அத்தை குறியிடும் நேரம் வந்தது. பார்க்கக்கூடாது என்று சொன்னதும் மணியம் அங்கிள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண்களையும் மூடிக்கொண்டார். லெட்சுமி ஆண்ட்டி சமையலறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். பேனா மூன்று முறை தாளில் உரசியது.

உறையை மூடி, அத்தை கையெழுத்துப் போட்டார். மணியம் அங்கிள் நாற்காலியைத் திருப்பினார். முகவரியை ஆங்கில எழுத்தில், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பதினான்கு. இரண்டாவது டிவிஷன். தோட்டத்தின் பெயர். சிலிம் ரிவர், பேராக். கையெழுத்துக்கான கோட்டில் பேனாவை வைத்துச் சற்று நேரம் நிறுத்தினார். பிறகு தமிழில் போட்டார். பெயர், புள்ளியோடு.

"திரும்பி வந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லாத சரோ."

"வராது."

"வந்துச்சுன்னாதான் சொல்றேன்," என்றார் மணியம் அங்கிள்.

9.50க்குக் கிளம்பினோம். தாப்பா அருகே ஒரு லாரி கவிழ்ந்து இருபத்தைந்து நிமிடம் போனது. ஈப்போவில் கூரியர் முகப்புக்குள் நுழையும்போது 12.35. நூற்றுப் பதினெட்டு வெள்ளி, ஐந்து வேலை நாள்.

திரும்பும் வழியில் யாருக்குப் போட்டீர்கள் என்று அத்தையிடம் கேட்டேன். எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தாதி, குடியேறியவர், பெண். படித்த கட்டுரைகள் எல்லாம் அப்படிப்பட்டவர்களை ஜனநாயகக் கட்சிக்குத்தான் கணக்குப் போட்டன. அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மில்வாக்கில இந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கட்சி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கட்சி. ரெண்டு பேரும்தான் என் வீட்டு வாசல் பனிய வாரிப் போட்டாங்க."

அது பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதே பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சிலிம் ரிவரிலேயே ரயில் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் ஈப்போ வரை போக வேண்டாம். ஆனால் நிலையத்தில் வாடகைக் கார் அரிது, முன்பே பேசிவையுங்கள். லயங்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சுவரில் உள்ள எண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். நான் கேட்காமல் எடுத்தேன், பிறகு அழித்தேன். காலையிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் தகரக் கூரைக்கு அடியில் உட்கார முடியாது. இப்படி ஏதாவது படிவத்தோடு போனால், முகவரிக் கட்டத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

விஸ்கான்சினில் வாக்குச்சாவடிகள் மூடும்போது நமக்குப் புதன் காலை பத்து. அலுவலகத்தில் வேலை பார்ப்பதுபோல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்வாக்கி ஒரு நிறம், அதைச் சுற்றி வேறு நிறம். எண்கள் ஏறின, இடைவெளி சுருங்கியது, விரிந்தது. மாலை ஆறரை வாக்கில் அறிவித்தார்கள். அந்த மாநிலம் குடியரசுக் கட்சிக்குப் போனது, அதோடு அதிபர் பதவியும் முடிவானது. வித்தியாசம் முப்பதாயிரத்துக்கும் குறைவு. 2016இலும் 2020இலும் இதே அளவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வென்ற கட்சி வேறு. ஏறக்குறைய அதே மக்கள். மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்தக் கூட்டலில் அத்தை இருக்கிறார் என்று தெரியாமல் இரண்டு எண்களையும் மாறி மாறிப் படித்தேன்.

வியாழன் காலை அத்தை ஒரு செய்தி அனுப்பினார். அந்த அதிகாரியின் பதில், ஒரே வரி. உறையில் குறை எதுவும் இல்லை, வாக்கு எண்ணப்பட்டது. கீழே அத்தை எழுதியிருந்தார்: நீயே மணியத்துக்குச் சொல்லு, நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பான்.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். யார் வென்றார் என்பது அவருக்கு முந்தைய நாளே தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"கையெழுத்துக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"ஒண்ணும் சொல்லல அங்கிள். எடுத்துக்கிட்டாங்க."

"அட்ரஸ்?"

"அதையும்."

பிறகு தொலைபேசியை லெட்சுமி ஆண்ட்டியிடம் கொடுத்து, அவளிடமும் சொல் தம்பி என்றார். திரும்பவும் சொன்னேன். ஆண்ட்டி பொறுமையாகக் கேட்டார். அப்படியென்றால் வீட்டை இடிக்க மாட்டார்களா என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஆண்ட்டி என்றேன். நீல அட்டை கிடைக்குமா என்றார். அதற்கும் இல்லை என்றேன்.

"பின்ன எதுக்குத் தம்பி இவரு நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு டவுன் கடைக்குக் கெளம்புறாரு?"