ஞாயிறுதோறும் நின்றுபோன படம்

கணினியைப் புதுப்பித்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் கொழும்பிலிருந்து ஒரு கேள்வி கேட்டார்.

"நான் அங்கை வந்தால் என்ன வேலை செய்வன்?"

கேட்ட வாய் பாதி திறந்தபடி திரையில் அப்படியே நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. மவுஸை ஆட்டினேன், அம்பு நகரவில்லை. மேசைக்குக் கீழே பெட்டி மட்டும் ஏதோ பெரிய வேலை பார்ப்பதுபோல உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் பொத்தானை அழுத்தி அணைத்தேன். அது மறுபடி எழும்பி வருவதற்குள், வாடகைக் கணினியில் பேசிக்கொண்டிருந்த அவர் இணையக் கடையை விட்டுப் போயிருந்தார்.

அவர் வழக்கறிஞர். நான் சிறுவயதிலேயே ஒஸ்லோவுக்கு வந்துவிட்டவள். நகரின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில் அப்பாவோடு இருந்தேன், ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. கொழும்புக்குப் போய் நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு திரும்பியபின், நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதெல்லாம் அந்தத் திரையில்தான். தொலைபேசியில் அவர் சாப்பாடு, மழை என்று எல்லாம் கதைப்பார். இந்தக் கேள்வியை மட்டும் முகம் பார்த்துத்தான் கேட்பாராம். சாட்சிகளை விசாரித்துப் பழகிய புத்தி. என் பதிலைக் கேட்ட பிறகுதான் தன் வேலையை விடுவதா, இங்கே வருவதா என்று முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறும் நலம் விசாரித்து முடித்து, அதே கேள்வியைக் கேட்டார். அதே இடத்தில் படம் நின்றது. பின்னேரம் தொலைபேசியில் சொன்னார்:

"நான் இதைக் கேட்டால்தான் உங்கடை கொம்பியூட்டர் நிக்குது, என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. அது அவர்மேலா, பெட்டிமேலா என்று எனக்கே விளங்கவில்லை.

புதிய இயங்குதளத்தை ஏற்றித் தந்தவன் ஸ்டோவ்னரில் இருந்த என் சித்தப்பாவின் மகன். "இதைப் போட்டால் பறக்கும் அக்கா" என்றவன். பறப்பது இருக்கட்டும், அது தவழவே மாட்டேன் என்றது. அவனைக் கூப்பிட்டேன். வைரஸ்தான் காரணம் என்றான். புதுப்பித்த அன்றே தன் பங்குக்கு ஒரு வைரஸ் காவல் மென்பொருளை ஏற்றியிருந்தான். அது போதாது என்று இன்னொன்றையும் ஏற்றினான். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டான், போய்விட்டான்.

அடுத்ததாகக் குரோருட்டிலிருந்து மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, அப்பாவின் கூட்டாளி. எங்கள் கணினிக்கு முதன்முதலில் வைரஸ் காவல் போட்டவர் அவர்தான். பெட்டியைக் கழற்றியவர், காற்றாடியின் வலையில் சந்தனம் அப்பியிருப்பதைக் கண்டார். சரஸ்வதி பூசைக்கு அப்பா வைத்த பொட்டு. படிப்புக்கு உதவும் பொருள் என்பதால் புத்தகங்களோடு அதற்கும் வைத்திருந்தார்.

"காத்துப் போற வழியிலையே வைக்கிறது?" என்று மாமா கேட்டார்.

"நடு நெத்தி எது எண்டு எனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு மாமா, "மின்னே காணாது" என்றார். நினைவகத்துக்கு நோர்வே மொழியில் அதுதான் பெயர். அதையும் இன்னும் கொஞ்சம் வாங்கிப் பூட்டினார். மூன்றாவது ஞாயிறும் கேள்வி வந்தது, படம் நின்றது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். யாரை நம்புவது என்று தெரியாமல் எல்லாரையும் நம்பினேன். ஒரு கட்டத்தில், கேள்வியைக் கேட்டதும் நான்தான் எதையாவது தட்டிவிடுகிறேனோ என்று என் கைகளையே சந்தேகப்பட்டேன்.

கடைசியில் மேல்மாடியில் இருந்த தமிழ்நாட்டுக்காரரை மின்தூக்கியில் மறித்துக் கேட்டேன். மென்பொருள் வேலைக்காக வந்தவர். வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எதுக்குங்க மூணு ஆன்டிவைரஸ்? ஒண்ணு இன்னொண்ணைத் திருடன்னு நெனச்சு மடக்குது. போதாததுக்கு மூணும் ஞாயித்துக்கிழமை ஒரே நேரத்துல ஸ்கேன் பண்ணுது."

வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நாங்கள் பேசத் தொடங்கிக் கால்மணி நேரத்தில், முதலில் இரண்டு காவல்காரர், பிறகு மூன்று பேரும் சேர்ந்தே எழும்பியிருக்கிறார்கள்.

"ரெண்டை எடுத்துரலாமா?" என்றார்.

அப்பா பதறிப்போனார். "ஒண்டு என்ரை கூட்டாளி போட்டது. மற்றதுகள் என்ரை பெறாமகன் போட்டது. நாளைக்கு வந்து பாத்தால் மனம் நோவினம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. புதுப்பித்த அன்று மாமாவின் மென்பொருளை எடுக்கவா என்று சித்தப்பா மகன் கேட்டபோதும் அப்பா இதைத்தான் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் உதவிக்கு வந்தவரின் கைவேலையை எடுத்தெறிவது, அவருக்கு வைத்த சாப்பாட்டைப் பறிப்பதற்குச் சமம். நான் அப்பாவைத் தேத்தண்ணீர் போட அனுப்பிவிட்டு இரண்டை எடுக்கச் சொன்னேன். மிஞ்சியது யாருடையது என்று அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. தேத்தண்ணீர் குடித்தவர் போனபின், "நல்ல பிள்ளை. தமிழ்ப்படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்குது" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு படம் தெளிவாக வந்தது. அவருக்குப் பின்னால் கடையின் மின்விசிறி சுற்றுவதுகூடத் தெரிந்தது. சாப்பாட்டுக் கதை முடிந்தது, மழைக் கதை முடிந்தது.

"சரி, சொல்லுங்கோ. நான் அங்கை வந்தால் என்ன வேலை செய்வன்?"

கணினி நின்றுவிடும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. அடுத்த அறையில் அப்பா வேலைக்குப் போகும் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் நில அளவையாளர். இங்கே வந்த நாளிலிருந்து ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிறார். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் இந்த மனிதரை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் கூப்பிட்டால் எப்படி இழப்பேன் என்பதையும் யோசித்தேன்.

"திரும்பவும் நிண்டிட்டுதோ?" என்றார்.

"இல்லை. உங்கடை வேலையை இஞ்சை செய்யேலாது. இவையின்ரை சட்டம் வேறை. முதல்லை பாஷை படிக்கவேணும். அதுவரைக்கும் கிடைக்கிறதைத்தான் செய்யவேணும். அப்பாவுக்கு அதுவே நிரந்தரமாப் போச்சு."

அவர் முகம் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. பழக்கதோஷத்தில் மவுஸை ஆட்டிப் பார்த்தேன். அம்பு நகர்ந்தது. அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.