பேட்டரி மாற்றிய கேசட்

எங்கள் பக்கத்தில் அதைக் கேசட் என்றுதான் சொல்வோம். டிவி கேம் மெஷினின் தலையில் செருகுகிற பிளாஸ்டிக் டப்பா. கையில் வாங்கிய உடனே அசலா போலியா என்று சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு இன்றும் உண்டு. போலி எடை குறைவாக இருக்கும். திறந்தால் கறுப்பாக ஒரு சொட்டுப் பசை காய்ந்து கிடக்கும். அசலில், அதுவும் மாதக்கணக்கில் ஆட வேண்டிய கதை ஆட்டங்களில், பச்சைப் பலகையின் ஓரத்தில் காசு அளவுக்கு ஒரு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். நாம் எதுவரை ஆடினோம் என்பதை அந்தப் பேட்டரிதான் நினைவில் வைத்திருக்கும். அது தீர்ந்தால் ஆட்டம் முதலிலிருந்து.

இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம்.

2004இல் மாமா துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு மெஷினையும் ஒரு கேசட்டையும் எங்களுக்குக் கொடுத்தார். கேசட் முழுக்க ஜப்பான் எழுத்து. திருவட்டாறுக்குப் பக்கத்தில், ரப்பர் வெட்டப் போகும் அப்பா, வீட்டைப் பார்க்கும் அம்மா, ஐடிஐ முடித்த அண்ணன், பள்ளிக்கூடம் போகும் நான் என்று நான்கு பேர் இருந்த வீட்டில் ஜப்பான் எழுத்தை யார் படிப்பது? அண்ணன் ஒரு நோட்டுப் போட்டான். திரையில் தெரிகிற எழுத்தை அப்படியே படமாக வரைந்து, பக்கத்தில் ‘அடி’, ‘மருந்து’, ‘ஓடு’ என்று எழுதினான். எது என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு வாசலைத் திறக்கும் வழி தெரியாமல் ஓணத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரே ஊரில் சுற்றிக்கொண்டிருந்தோம். வீரர்கள் நான்கு பேர். தலைவனுக்கு வைத்த பெயரை எங்களுக்கே படிக்கத் தெரியாது. பார்க்க அழகாக இருந்த மூன்று எழுத்துகள், அவ்வளவுதான்.

2006இல், கடைசிக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அண்ணனுக்குக் கல்ஃப் விசா வந்துவிட்டது.

“கடைசிச் சண்டைய நான் லீவுக்கு வந்த பொறவு ஆடுவோம். அதுவரைக்கும் நீ தொடாத, கேட்டியா?” என்றான்.

போனவன் வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடுவான். அம்மா, அப்பா, மழை, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் கேட்பான்: “கேசட்டு உண்டாலே?”

“உண்டுண்ணா.”

கல்ஃபில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். அங்கே தனியாகக் கிடப்பவன் மனம் கலங்குவான், வேலையில் கை தவறும், உடனே வரவும் முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்பார்கள். 2008இல் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது நாங்களும் அதையே செய்தோம். சின்னக் காய்ச்சல் என்று நான் சொன்னேன். அப்பா தூங்குகிறார் என்று அம்மா சொன்னாள். நான்கு வெள்ளிக்கிழமை அப்பா தூங்கினார். அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவை எரித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவன் அழுததைவிட எங்களைப் பார்த்த பார்வைதான் கொடுமை. பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து கிளம்பும் முன் மெஷினைப் போட்டான். ஆடவில்லை. எதையோ பார்த்துவிட்டு உடனே அணைத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு, “இனி எங்கிட்ட ஒண்ணையும் மறைக்கப்பிடாது. நல்லதோ கெட்டதோ, உள்ளதச் சொல்லணும். சத்தியம் பண்ணு” என்றான். பண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கேசட் பைத்தியம் முற்றியது. மார்த்தாண்டத்தில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்ஃப்காரர்களின் வீடுகளைத் தேடிப் போவேன். அருமனையில் ஒரு வீட்டில் மேஜை ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் கேசட்டை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். இரணியலில் ஒரு அக்கா, “இந்தக் குப்பைய எடுத்துட்டுப் போறதுக்கு நீ ரூவா வேற தாறியா?” என்று என் முகத்தையே பார்த்தாள். கொண்டுவந்து துடைத்து, திறந்து பார்த்து, படம் எடுத்து இணையத்தில் ஒரு குழுவில் போடுவேன். இது மதிப்பு, இது மதிப்பில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். பிறகு நானே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒருநாள் எங்கள் கேசட்டின் படத்தையும் போட்டேன். விற்பதற்கு இல்லை, சத்தியமாக இல்லை. நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பிளந்தார்கள். ஒருவர் மட்டும், பேட்டரி பழசு, புதிது போட்டால்தான் முழு மதிப்பு என்று எழுதினார். அந்த ஒரு வரி என்னைக் கடித்துக்கொண்டே இருந்தது.

நினைவு அழியாமல் பேட்டரி மாற்ற வழி இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொரு பேட்டரியை ஒயரில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் நான்கு கேசட்டுகளுக்கு அப்படி மாற்றியிருக்கிறேன். அந்த மிதப்பு. பழையதைக் கழற்றிய நேரத்தில் கரண்ட் போனது. பற்றவைக்கும் இரும்பு ஆறிவிட்டது. இருட்டில் டார்ச்சைத் தேடிக் கையை நீட்டியபோது ஒயர் விரலில் மாட்டிப் பிய்ந்து வந்தது. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் காலி.

அந்த வெள்ளிக்கிழமையும் அவன் கேட்டான்.

“உண்டுண்ணா” என்றேன்.

சொல்லியிருக்கலாம். நாக்கு பழகிவிட்டது.

கம்பெனி மாறியதில் அவன் லீவு தள்ளித் தள்ளிப் போய் 2011இல்தான் கிடைத்தது. வரும் தேதி தெரிந்ததும் நான் உட்கார்ந்து மறுபடி ஆட ஆரம்பித்தேன். அண்ணனின் நோட்டைப் பார்த்துத் தலைவனுக்கு அதே மூன்று எழுத்து. மற்றவர்களுக்கும் அதே பெயர்கள். குழுவில் போட எடுத்த பழைய படங்களில் திரை தெரிந்தவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, அதே வாள், அதே கவசம். வழி தெரிந்த ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் அல்லவா? எத்தனை மணி நேரம் ஆடினோம் என்று திரை காட்டும். அதுவும் ஒத்துப்போக வேண்டுமே என்று மெஷினைச் சும்மா ஓடவிட்டேன். நடுவில் கரண்ட் போய் ஓடிய கணக்கு அழியும். மறுநாள் மறுபடி ஓடவிடுவேன். கள்ளநோட்டு அடிப்பவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். அடுத்தவன் கேசட்டைப் போலி என்று உதட்டைப் பிதுக்கி ஒதுக்குகிறவன் செய்த வேலை இது. முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் வந்த மறுநாள் காலை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, “எடுலே, முடிச்சிருவோம்” என்றான். தலையில் பாதி நரைத்திருந்தது. மெஷினைப் போட்டான். எந்த ஆட்டத்தைத் தொடர வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. அதில் மூன்று வரிசை இருக்கும். முதல் வரிசையில் எங்கள் நான்கு வீரர்கள், அதே மணிக்கணக்குடன். அவன் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது வரிசைக்கு இறக்கினான். காலியாக இருந்தது. மூன்றாவதுக்குப் போனான், திரும்ப இரண்டாவதுக்கு வந்தான்.

“இதுல அப்பா ஆடினது உண்டே. அது எங்க?”

எனக்குப் புரியவில்லை. பிறகு மெல்ல நினைவு வந்தது. பழைய திரையில் இரண்டாவது வரிசையில் ஒன்று இருக்கும். ஒரே ஒரு வீரன், முதல் நிலை, பத்து நிமிடம்கூட ஆகாத ஆட்டம். யாரோ தெரியாமல் அமுக்கிச் சேர்ந்த குப்பை என்று நினைத்திருந்தேன். போலி செய்தபோதும், இதற்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டேன்.

மீதியை அண்ணன் சொன்னான். அவன் கல்ஃபுக்குப் போன அன்று காலை நான் வண்டி கூட்டிவரப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அப்பா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் ஒண்ணு சொல்லித் தாலே” என்று கேட்டிருக்கிறார். முதல் வீட்டைவிட்டு வெளியே வரத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் அதைச் சேமித்து வைத்திருக்கிறான். ஐந்து வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேட்டரி, கரண்ட், ஒயர், மறுபடி ஆடியது.

“எப்பம் போச்சு?”

“ஒரு வருசம் ஆச்சுண்ணா.”

அவன் திட்டவில்லை. மெஷினை அணைத்து ஒயரைச் சுற்றி வைத்தான்.

“போனது போட்டும் மக்கா. கை தவறும். ஆனா ஒரு வருசமா ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் உண்டு உண்டுன்னு சொன்னியே” என்றான்.

லீவு முடிந்து போய்விட்டான். இப்போதும் வெள்ளிக்கிழமை கூப்பிடுகிறான். எல்லாரும் சுகம் என்று நான் சொன்னால் கேட்டுக்கொள்வான். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வான். அவள் பேசினால் நம்புகிறான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் சாயா குடிக்கப் போனபோது முக்குக் கடைக்காரர் என் தோளைத் தொட்டார்.

“ஒனக்க அண்ணன் எல்லா வாரமும் எனக்குப் போன் போடுதான், மக்கா. அம்மா நடக்காளா, கண்ணால பாத்தியளான்னு கேக்கான். ஒங்க வீட்ல நீ இல்லியாலே?”

இருக்கிறேன் என்று சொன்னேன்.