டொமிசைல் வீரம்மா

தேயிலைச் செடிக்கு ஒரு முறை. கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறியும்போது வாய் முணுமுணுக்கும்: "டொமிசைலு." அடுத்த செடி. "டொமிசைலு." பக்கத்தில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய், கடைசியில் டொமிசைல் வீரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு அவர் கோபப்படுவதில்லை. "வச்சா வச்சுக்கிறட்டும். சொல்லு மறக்காம இருந்தாப் போதும்" என்பார்.

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். வீரம்மா பிறந்தது இங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாவது லயத்தில், வாழ்க்கைப்பட்டது நான்காவது லயத்தில். இடையில் முப்பது அடி. ஆள் ஒல்லி, கை மட்டும் காற்றாய்ப் பறக்கும். காலில் அட்டை ஏறினால் குனியக்கூட மாட்டார், வெற்றிலைச் சாற்றைக் குறிபார்த்துத் துப்புவார். அட்டை சுருண்டு விழும். புருஷன் கந்தப்பன் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருஷமாகிறது. ஒரே மகன் அழகன், இருபது வயது, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை.

இந்த ஆங்கிலச் சொல் அவர் வாயில் ஏறியது மூன்று மாதங்களுக்கு முன், ஐம்பத்தேழாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் வந்த ஒரு கடிதத்தால். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்திருந்தாலும் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். அப்படி அவர் போட்டிருந்த மனுவைத் தள்ளப்போகிறார்களாம். இந்த நாட்டில் தமக்கு டொமிசைல் உண்டு என்று அவர் காட்டவில்லையாம். இனிமேலாவது காட்டுவதற்கு ஒரு விசாரணை உண்டு, அதுதான் கடைசி. மனுப் போட்ட காலத்தில் அழகன் சிறுவன் என்பதால் அவன் பெயரும் தாயின் மனுவுக்குள்ளேயே இருந்தது. தாய் விழுந்தால் மகனும் விழுவான்.

கடிதத்தை வாசித்துச் சொன்னது நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேறு எதற்கு? ஆனால் வீரம்மா என்னை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர் என்று யார் அகப்பட்டாலும் மடியிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டுவார். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா, "விலாசம்" என்றார். பஸ் கண்டக்டர், "பொறந்த எடம்" என்றார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா, "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். எல்லோருக்கும் முந்தானையில் முடிந்துகொண்டு போன பீன்ஸ் ஒரு பிடி உண்டு, கிளாக்கருக்கும்தான்.

கடைசியில் நான் ஹட்டனில் ஒரு நண்பரிடம் பெரிய அகராதி ஒன்றை இரவல் வாங்கிவந்து பார்த்தேன். லத்தீனிலிருந்து வந்த சொல், அங்கே வீடு என்று அர்த்தம் என்றேன்.

"லத்தீனா? மாதா கோயில்ல சாமியாரு ஓதுவாரே, அந்தப் பாசைங்களா? அப்ப நல்ல சொல்லாத்தான் இருக்கும்" என்றார் வீரம்மா. கொஞ்சம் யோசித்து, "வூடுதானா? அதுக்கா இம்புட்டுப் பாடு?"

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சட்டத்தில் அதற்கு அர்த்தம் வேறு. இப்போது எங்கே குடியிருக்கிறோம் என்பதல்ல, கடைசிவரை எங்கே இருப்பதாக மனசில் வைத்திருக்கிறோம் என்பது. அகராதியில் உதாரணமும் இருந்தது: அந்தக் கனவான் பாரிஸ் நகரைத் தமது டொமிசைலாகக் கொண்டார். வீரம்மா கேட்டார்: "அவரு தொரைங்களா? அவருகிட்ட யாரும் சாட்சி கேக்கலியா?"

சொல்லைப் புழங்கினால்தான் படியும் என்று சொல்லியிருந்தேன். பிறகு அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. "இந்தக் கோழிக்கு எங்க காம்பராதான் டொமிசைலுங்க வாத்தியாரய்யா. வெரட்டி வெரட்டி விடுறேன், திரும்பி வந்துருது." எவ்வளவு சரியான பிரயோகம்! அவர் சொன்ன காம்பரா லயத்தில் ஓர் ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிவிட்டால் கோழியோடு அவரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மனு ஏன் தடுக்கியது என்பதும் தெரியவந்தது. மூன்று வருஷத்துக்கு முன் தோட்டத்து ஆபீசில் முதல் விசாரணை நடந்தபோது, கடைசிக் காலத்தில் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். வீரம்மா மரியாதையாகக் கைகட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்: "எங்கப்பாரு ஊரு மண்ணுல போயி விழணுங்க."

லயத்தில் பெரியவர்கள் யார் கேட்டாலும் எல்லோரும் சொல்லும் பதில் அது. சொல்லாவிட்டால் செத்த தகப்பனை மறந்தவள் என்று ஆகிவிடும். அதற்காக யாரும் மூட்டை கட்டுவதில்லை. என் தாயாரும் சாகும்வரை சொன்னார். இதே மலையில்தான் புதைத்தோம். அந்த ஊர் திருச்சிக்குக் கிழக்கா மேற்கா என்பதுகூட வீரம்மாவுக்குத் தெரியாது. கடலையே பார்த்ததில்லை. ஆனால் எழுதுகிறவர் எழுதிவிட்டார்: இந்தியா திரும்ப எண்ணம் உடையவர்.

"எம் பேச்சாலதாங்க எம் புள்ளைக்கு இந்தக் கதி" என்று வீரம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று வெற்றிலை போடவில்லை.

போன புதன்கிழமை நுவரெலியாவில் விசாரணை. நானும் போனேன். வீரம்மா ஆடிப்பூசைக்குக் கட்டும் சேலையில் இருந்தார். அழகன் தாய்க்குப் பின்னால் நின்றான். மேசைக்கு அந்தப்பக்கம் அதிகாரி, பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்.

"நீர் கடைசிவரை எங்கை இருக்கப்போறீர்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"இங்கதாங்க. சாகிறவரைக்கும் இந்தச் சீமைதாங்க எங்க டொமிசைலு. எனக்கும் எம் மகனுக்கும்."

பிசிறில்லாமல் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி தலை நிமிரவில்லை. கோப்பைப் புரட்டி, பழைய தாள் ஒன்றில் விரல் வைத்து, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"முந்தி ஊருக்குப் போகவேணும் எண்டு சொல்லியிருக்கிறீர்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "இப்ப இஞ்சைதான் எண்டுறீர். இரண்டிலை எது பொய்?"

இதற்கு நாங்கள் பாடம் பண்ணவில்லை. முதலாவது பொய் என்றால் சர்க்காருக்குப் பொய் சொன்னவள். இரண்டாவது பொய் என்றால் எல்லாமே முடிந்தது. முதலாவது பொய்யும் இல்லை, திட்டமும் இல்லை, அது ஒரு மரியாதை என்று எந்தப் பாஷையில் சொல்வது? அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பதில் இல்லையெண்டு எழுதட்டோ?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அழகன் ஓர் அடி முன்னால் வந்தான். "ஐயா, நான் சொல்றேங்க. எங்கம்மா அன்னிக்கு..."

வீரம்மா சட்டென்று திரும்பி, மகனுடைய வாயை உள்ளங்கையால் இறுக்கப் பொத்தினார். பொத்திய கையை எடுக்காமலே, அவன் சொல்லையும் எழுதிக்கொள்ளக் காத்திருக்கும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.