இடப்பக்கத்துப் படம்

செய்தி வந்தபோது காலை பத்தேகால். ஒன்பதாம் வகுப்புக்குப் பருவக்காற்றைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கைப்பையில் இருந்த தொலைபேசி அடங்காமல் அதிர்ந்தது. என் அக்கா வேலை செய்யும் அச்சகத்தின் உரிமையாளர் தியாகலிங்கம் அண்ணை. "கொக்கா மேசையிலை விழுந்திட்டா பிள்ளை. பெரியாஸ்பத்திரிக்கு வா" என்றார். மூளையில் இரத்தக் கசிவு. நான் போய்ச் சேர முன்னரே அக்கா உதயகலா போய்விட்டாள். வயது நாற்பத்தாறு.

இரண்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. யார்மேல் என்று இதில் எழுதுகிறேன்.

அக்கா யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்தாள். கலியாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அவளுடைய கணினி வழியாகத்தான் போகும். தினமும் கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் போய்வருவாள். கலியாண வீடுகளில் மணமக்களைப் பார்க்க முன்னர் கார்டைத் திருப்பி எந்த அச்சகம் என்று பார்ப்பாள். "மாப்பிளைக்கு ஒரு எழுத்து, பொம்பிளைக்கு ஒரு எழுத்து, மண்டபத்துக்கு இன்னொரு எழுத்து. உது கார்டோ, கண் டொக்டர் சுவரிலை மாட்டுற அட்டையோ?" என்று பந்தியில் இருந்துகொண்டே கேட்பாள். நான் அவளுடைய காலை மிதிப்பேன். மிதித்தால் இன்னும் சத்தமாகக் கேட்பாள்.

போரில் இடம்பெயர்ந்து, கடலோர ஊரான மயிலிட்டிக்கு மீளக் குடியேறிய பெண்களுக்குத் தொழில் உதவி செய்யும் 'கரைவாசல்' என்ற தொண்டு நிறுவனம் அவளிடம் ஒரு சிற்றேடு செய்து தரச் சொல்லிக் கேட்டது. அதன் பணிப்பாளர் நடராசா சேர், ஓய்வுபெற்ற அரச அதிகாரி. அவர்களுடைய பழைய வெளியீடுகளை அக்கா மேசையில் பரப்பிப் பார்த்தாள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. சின்னம் ஒன்றில் வட்டம், இன்னொன்றில் இழுபட்டுப்போய் முட்டை. "உதைப் பாத்தால் நாலு கந்தோர் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றாள். ஒரே நீலம், ஒரே எழுத்து, எல்லாப் படமும் ஒரே அளவு என்று முடிவு செய்தாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கம் 'முன்னர்', வலப்பக்கம் 'இப்போது'. நடராசா சேருக்கு அந்த ஒழுங்கு உடனே பிடித்துப்போயிற்று.

பிசகு அங்கேதான் இருந்தது. நான்கு பெண்களுக்கு 'முன்னர்' படம் இருந்தது. ஐந்தாவது பெண் அற்புதராணிக்கு இருக்கவில்லை. உதவி கேட்க முன்னரே அவர் தன் கையால் தகர வீடு ஒன்று கட்டிக்கொண்டவர். நிறுவனம் கொடுத்தது கருவாடு காயவைக்கும் பரண்கள் மட்டும். அக்கா கரைவாசல் அலுவலகத்துக்கு, "இடப்பக்கத்துக்கு ஒரு படம் வேணும்" என்று சொல்லிவிட்டாள். படம் வந்தது. கூரையில்லாத வீடு, சுவரைப் பிளந்து வளர்ந்த மரம், நடுவே வெறுங்காலோடும் அவிழ்ந்த தலையோடும் ஒரு பெண். அக்கா அதை அந்த இடத்தில் பொருத்தினாள். அச்சுக்கு முந்திய புரூவைப் பார்த்து நடராசா சேர் கையெழுத்தும் வைத்தார்.

ஒரு பின்னேரம் அக்காவோடு வீட்டுக்கு வருவதற்காக நான் அச்சகத்தில் காத்திருந்தேன். அறுபதை நெருங்கிய ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கரைவாசல்காரற்றை புத்தகம் செய்யிறது நீரோ பிள்ளை?"

"ஓம். நீங்கள் ஆர்?"

"அதிலை தலைவிரி கோலமா ஒருத்தி நிக்கிறாள் எல்லோ, அது நான்தான்."

அக்கா கதிரையை இழுத்துப் போட்டாள். அற்புதராணி இருக்கவில்லை.

"அது என்ரை வீடில்லை. பக்கத்து வளவு. அந்தச் சனம் இன்னும் திரும்பி வரேல்லை. அதுக்கை என்னை நிப்பாட்டி, 'அம்மா, தலையைக் கொஞ்சம் கலைச்சு விடுங்கோ' எண்டினம். செருப்பையும் கழட்டச் சொல்லிச்சினம். மரியாதையாத்தான் கேட்டவை. பரண் தந்த ஆக்களுக்கு என்னெண்டு ஏலாதெண்டுறது? வீட்டை வந்து சீப்பை எடுத்துத் தலை இழுக்கேக்கைதான் எனக்கு உறைச்சுது. முகாமிலை இருக்கேக்கையும் என்ரை பிள்ளையள் தலை இழுக்காமல் பள்ளிக்கூடம் போனதில்லை. இப்ப மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். மாப்பிளைப் பகுதி உதைப் பாத்தால் என்ன நினைக்கும்?"

அக்கா அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தாள். பிறகு, "ராணியக்கா, அந்த ஓட்டையை விட்டது நான். அவை உங்களை வைச்சு அடைச்சுப்போட்டினம்" என்றாள்.

அடுத்த நாள் நடராசா சேரின் கந்தோருக்கு அவளோடு நானும் போனேன். இடப்பக்கங்கள் எல்லாவற்றையும் எடுக்கப்போவதாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"வடிவாக்கிறது உம்மடை வேலை. கதை எங்கடை. முன்னுக்கு எப்பிடிக் கிடந்ததெண்டு காட்டாட்டி, நாங்கள் என்ன செய்தனாங்களெண்டு உதவி தாற ஆக்களுக்கு எப்பிடி விளங்கும்?"

"அப்ப உங்களையும் போடுவம் சேர். இடப்பக்கம் பழைய சைக்கிளோடை. வலப்பக்கம் வாசலிலை நிக்கிற வாகனத்தோடை."

அவருடைய முகம் கறுத்தது. கடைசியில், "சரி, மாத்திக்கொண்டு வாரும், பாப்பம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அக்கா மயிலிட்டிக்குப் போய், கூட்டிப் பெருக்கிய முற்றத்தில், தகர வீட்டின் முன்னால், விரும்பிய சேலையோடு அற்புதராணியைப் படமெடுத்து வந்தாள். பக்கங்களை முதலிலிருந்து மாற்றத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை எனக்கு அந்த அழைப்பு வந்தது.

அக்கா இறந்து முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்து, எங்கள் வழக்கப்படி அக்காவின் நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டை, வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நடராசா சேரின் வாகனம் வந்தது. இரண்டு பெட்டிகள் இறங்கின.

"உதயகலாவின்ரை கடைசி வேலை. கல்வெட்டோடை சேர்த்துக் குடுப்பம்" என்றார்.

ஒரு சிற்றேட்டை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அக்காவின் படம், கீழே 'பொறுமையின் இருப்பிடம்' என்று எழுதியிருந்தது. அவளைத் தெரிந்த எவரும் அதை எழுதியிருக்க முடியாது. உள்ளே ஒன்றும் மாறவில்லை. இடப்பக்கத்தில் அற்புதராணி தலையை விரித்தபடி நின்றார்.

தியாகலிங்கம் அண்ணை பந்தலுக்குள் நின்றார். என் கையில் இருந்ததைக் கண்டதும், "சேர் கையெழுத்து வைச்ச புரூவ் அதுதானே பிள்ளை. அதைத்தான் அடிக்கச் சொன்னவர்" என்றார். அற்புதராணி வந்து கதைத்த நேரம் அவர் அடுத்த மேசையில்தான் இருந்தார்.

"தங்கச்சி, கொழும்பிலை கூட்டம். அவசரமாத் தேவைப்பட்டது" என்றார் நடராசா சேர். "அந்த மனுசியும் ஒண்டும் சொல்லேல்லையே."

"அக்காட்டைச் சொன்னவ. அக்கா உங்களிட்டைச் சொன்னவ. நானும் பக்கத்திலைதான் நிண்டனான்."

"இது இண்டைக்குக் கதைக்கிற கதையோ?"

"இது இண்டைக்குக் கொண்டுவாற சாமானோ?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "கொக்கா இருந்திருந்தால் இப்பிடிக் கதைச்சிருக்க மாட்டா."

இந்தமுறை நான் சிரித்தேன். "அக்கா இருந்திருந்தால் உங்கடை வாகனம் கேற்றைத் தாண்டியிருக்காது."

பெட்டிகளை நானே இழுத்துக்கொண்டுபோய் அறைக்குள் வைத்துப் பூட்டினேன். சபை பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் தடுக்கவில்லை. ஒரு கட்டு ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது. அதை இனி எவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மிச்சத்தைக் கிணற்றடியில் போட்டு எரிக்கத்தான் இருந்தேன். அற்புதராணிக்கு அறிவித்தேன். அவர் பஸ்ஸில் வந்து, சிற்றேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எரிக்கிறதோ? மற்றப் பெண்டுகள் நல்ல வடிவா இருக்கினம். அவையின்ரையை ஏன் எரிக்கிறியள்? என்ரையை மட்டும் மூடிவிடுங்கோ."

"அப்ப நடராசா சேர் வெண்டதாப் போகுமே ராணியக்கா."

"அந்தாள் வெல்லட்டும், தோக்கட்டும். என்ரை தலை இழுத்திருக்கோணும்."

தியாகலிங்கம் அண்ணையிடம் போய், அக்கா எடுத்த படத்தை ஸ்டிக்கராக அடித்துத் தரச் சொன்னேன். என் முகத்தைப் பாராமல் அடித்துத் தந்தார். அக்கா எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வைத்திருந்ததால், பழைய படத்தின் ஒரு ஓரம்கூட வெளியே தெரியாமல் அது பொருந்தியது. மேலே இருக்கும் 'முன்னர்' என்ற சொல்லை மறைக்கவா என்று அற்புதராணியிடம் கேட்டேன். "விடுங்கோ. அந்த வீடு முன்னமும் அப்பிடித்தானே கிடந்தது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவார். இருவரும் இருந்து ஒட்டுவோம். இரண்டு கிழமையாகக் கடலில் நல்ல மீன் படுகிறது, பரண் நிறைந்து கிடக்கிறது, வர முடியவில்லை என்று சொல்லியனுப்பினார். முதல் பெட்டி முடிந்துவிட்டது. இரண்டாவது பெட்டியை அவர் வரும்வரை உடைக்காமல் வைத்திருக்கிறேன்.