துவாய் போட்ட இரண்டு கதிரைகள்

கோயில் திருநாளுக்கு எங்கள் ஊரில் நாடகம் போடுவதென்றால் பெரியப்பாதான் ராசா. அந்த உயரமும் குரலும் வேறு யாருக்கும் இல்லை. கரைவலைச் சொந்தக்காரராக இருந்த காலத்தில் கடற்கரையில் நின்று அவர் கூப்பிட்டால் கல்பிட்டி வரை கேட்கும் என்பார் அப்பா. அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

அந்த வருஷ நாடகத்தில் ஒரு கிழட்டு ராசா நாட்டை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் அவர்கள் வாசலிலேயே வந்து நிற்பார். வாசல் காவலாளி நான். பெண்பிள்ளைக்கு மீசை ஒட்டியதில் அம்மாவுக்கு வருத்தம். எனக்கோ தலைகால் தெரியவில்லை. எனக்கு இருந்தது ஒரே வசனம். எதிரே நிற்பவர் பாட்டை மறந்தால் சும்மா நிற்காமல் அதையே இன்னும் உரக்கச் சொல்லும்படி, நாடகம் பழக்கிய அண்ணாவியார் சொல்லியிருந்தார்.

பெரியப்பாவும் வலையையும் தோணியையும் தன் பிள்ளைகளான இரண்டு அண்ணாமாருக்கும் எழுதிக் கொடுத்தவர்தான். அவர்கள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சிலாபத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பா எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தார். கதை சொல்ல ஆள் கிடைத்ததில் எனக்குக் கொண்டாட்டம்.

ராசா வேடம் கட்டியவருக்கு மேடையில் முதல் மாலையை அவருடைய பிள்ளைகள்தான் போட வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். அண்ணாமார் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்கள். வெயில் இறங்குமுன்பே பெரியப்பா முன்வரிசையில் இரண்டு கதிரைகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு துவாயைப் போட்டு வைத்தார். மாலைப் பூசை முடிந்து நாடகம் தொடங்கியபோதும் அவற்றில் ஒருவரும் உட்காரவில்லை.

வாசல் காட்சி வந்தது. ஈட்டியைக் குறுக்கே பிடித்து என் வசனத்தைச் சொன்னேன். அடுத்துப் பெரியப்பா பாட வேண்டும். பாடவில்லை. என் தலைக்கு மேலால் அந்தக் கதிரைகளைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பொறு மகள். வருவாங்க. கடைசி பஸ் இன்னும் வரல்ல."

பாட்டை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பழக்கியபடியே ஈட்டியைப் பலகையில் தட்டி, அதே வசனத்தைத் தொண்டை கிழியக் கத்தினேன்:

"உம்முடைய பிள்ளைகள் வரமாட்டார்கள், போம்!"

சனம் கைதட்டியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாம் என் நடிப்புக்குத்தான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாடகம் முடிந்ததும் அப்பா மல்லிகை மாலையோடு மேடையேறினார். அப்பா கட்டை. பெரியப்பா தலையைக் கொஞ்சம் குனிந்தால்தான் மாலை ஏறும். அவர் குனியவில்லை, ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நுனிக்காலில் நின்று மாலையைப் போட எட்டி எட்டிப் பார்த்த அப்பா, கடைசியில் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பெரியப்பா இப்போது இல்லை. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. அன்றைக்கோ, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது இதைத்தான்:

"ராசா எண்டா அப்படித்தான் அம்மா. ஒருத்தருக்கும் குனியமாட்டார்."