துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது

காகிதத் தட்டின் விளிம்பில் பட்டாணி அளவு பட்டாணி அளவாகப் பற்பசையைப் பிதுக்கிக்கொண்டே போகிறார் நெட்டா கெடிஸ். ஒரு பொட்டு பெரிதாகிவிட்டால் விரலால் வழித்து ஏப்ரனில் துடைத்துக்கொள்வார். எங்கள் மழலையர் பள்ளியில் நான் ஆசிரியை, அவர் உதவியாளர். ஆனால் பதினொரு மணிக்குப் பல் தேய்க்க உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜ்யம்தான். நடுவே நான் வாயைத் திறந்தால் ஒரு பார்வை பார்ப்பார்.

பிரஷ்கள் துளை போட்ட தாங்கியில் ஒன்றோடொன்று உரசாமல் நிற்க வேண்டும். முள்ளம்பன்றிப் படம் ஒட்டியது ஹேமிஷுக்கு, நீர்நாய் மொர்வனுக்கு. பிரஷை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தே, "இது தேய்ச்சதில்ல, மென்னது" என்று கண்டுபிடித்துவிடுவார்.

"மேல் மாடி தேய்ங்க! இப்போ கீழ் மாடி! பின்கட்டை யாரு கூட்டுவா, உங்கப்பா வந்தா?"

தேய்த்ததும் துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. "இதென்ன கூத்து?" என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தார். "சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்ச கையோட தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா தம்பி? பசை பல்லுல தங்க வேணாமா?" என்றார் நெட்டா. அந்த மனிதர் இப்போது வீட்டில் தானும் கொப்பளிப்பதில்லையாம்.

இத்தனை கண்டிப்பும் பிறருக்குத்தான். தன் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். ஒரு நாள் கிண்டல் செய்தேன்.

"எனக்குக் கெட்டுப்போக என்னம்மா இருக்கு?" என்றார்.

இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அவருடைய அப்பா தந்த பரிசு அது: எல்லாப் பற்களையும் பிடுங்கிவிட்டு ஒரு பல்செட். கட்டிக்கொள்கிறவனுக்குப் பல் வைத்தியச் செலவு வைக்கக் கூடாது என்பது அந்த நாளில் ஸ்காட்லாந்தின் எங்கள் ஃபைஃப் கரையோர அப்பாக்களின் கரிசனம்.

"ஒரு சொத்தை கிடையாது. முத்து முத்தா இருந்துச்சு. அடுத்த மாசம் கல்யாணம். எல்லாரும் கேக் தின்னாங்க, நான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அந்த அப்பாவை அவர் மன்னித்துவிட்டார், என்னால் முடியவில்லை. ஆனால் பல்செட் இல்லாத முகத்தைக் கணவர் ராபுக்குக்கூட நெட்டா காட்டியதில்லை. விளக்கை அணைத்த பிறகு கழற்றுவார், கணவர் விழிப்பதற்குள் மாட்டிவிடுவார். "ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. யார்கிட்டயாவது சொன்னே, தொலைச்சிடுவேன்" என்று என்னை மிரட்டியும் வைத்தார்.

போன மாதம் மொர்வன் பிரஷைத் தொட மாட்டேன் என்றாள். நாலு வயது. கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கெனவே பழுப்பு. இன்னும் கெட்டால் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்க வேண்டும் என்று பல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

"எங்க தாத்தா பல்லே தேய்க்கிறதில்ல. கிளாஸ்ல போட்டா அதுவே சுத்தமாயிடும். எனக்கும் அந்தப் பல்லுதான் வேணும்."

"எனக்கும்!" என்று ஹேமிஷ் பிரஷைக் கீழே வைத்தான். மேசை முழுவதும் பிரஷ்கள் கீழே போயின. நான் கிருமி, சர்க்கரை என்று ஏதோ விளக்கினேன். யார் கேட்டார்கள்?

நெட்டா நாற்காலியை இழுத்து மொர்வனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். வாய்க்குள் விரல் விட்டு மேல் வரிசையைக் கழற்றினார். பிறகு கீழ் வரிசை. இரண்டையும் மடியில் வைத்தார். கன்னங்கள் உள்ளே போய்விட்டன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிற்றுண்டித் தட்டில் மிச்சமிருந்த ஓட்ஸ் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். வழுக்கியது. மறுபடி கடித்தார். ஈறில் குத்தியிருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"வலிக்குதா?" என்றாள் மொர்வன்.

ஆமாம் என்று தலையசைத்தார்.

"திரும்ப முளைக்காதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

மொர்வன் நீர்நாய் பிரஷை எடுத்துப் பசையைத் தொட்டு முன்பற்களில் தேய்க்கத் தொடங்கினாள். அதற்குள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துப்போகத் தாய்மார்கள் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் நெட்டாவின் தெருக்காரர்கள். ஒருத்தி உள்ளே பார்த்துவிட்டு அடுத்தவளின் கையைப் பிடித்தாள். நெட்டாவும் அவர்களைப் பார்த்தார். பிறகு, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், வாயை அகலத் திறந்து, மொர்வன் தேய்க்காமல் விட்டுவிட்ட கடைவாய் இடத்தைத் தன் வெறும் ஈறில் விரல் வைத்துக் காட்டினார்.