ஒரம்பரையாகப் போன விடுமுறை

அரையாண்டு விடுமுறை விட்டால் போதும், துடியலூரிலிருந்து நான் நங்கை என்று கூப்பிடும் நாத்தனார் குடும்பத்தோடு கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எல்லோரும் கூடத்தில் கேரம் ஆடுவார்கள். நான் அடுப்படியில் தோசை சுடுவேன். நாத்தனாரை உதவிக்குக் கூப்பிட்டால், "ஒரம்பரை வந்தவங்களை வேலை வாங்குனா உனக்குத்தான் அம்மணி மரியாதை இல்ல" என்பார். விருந்தாளி கைவைத்தால் வீட்டுக்காரிக்கு இழுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

போன டிசம்பரில் நான் முந்திக்கொண்டேன். லீவு விட்ட அன்று மாலையே கணவர், பிள்ளைகள், பெட்டிகளோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கேரம் போர்டையும் மறக்கவில்லை.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, கொஞ்சம் தேங்காய் துருவிக் குடுக்கறயா?"

"ஒரம்பரை வந்தவளை வேலை வாங்குனா உங்களுக்குத்தானுங்க நங்கை மரியாதை இல்ல."

வியர்த்த முகத்தோடு எட்டிப் பார்த்தார். அந்த முகம் எனக்குப் பழக்கமானதுதான்; டிசம்பர்தோறும் நான் சுமந்த முகம். எழுந்து போயிருக்கலாம். ஆனால் ரெட் காய் குழிக்குப் பக்கத்தில் இருந்தது.

பழிவாங்கினால் மனம் கனத்துப்போகும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்றைக்கு நன்றாகப் பசித்தது.